உடுக்கையை இறக்கி வைத்த சடையண்ணன்

சடையண்ணன் இந்த ஆடியைத் தாண்ட மாட்டார் என்று முதலில் சொன்னவன் நான்தான். கிழமையையும் சொன்னேன். புதன் என்றேன், வியாழக்கிழமை காலையில் போனார். புதன் மத்தியானத்திலிருந்தே பேச்சு இல்லை என்று அவர் மகள் செல்வி சொன்னதால் புதன் என்றே வைத்துக்கொள்ளலாம். அவர் போகிற நேரத்தில் மழை பிடிக்கும், கரண்ட் போகும், செம்மேட்டிலிருந்து வருகிற பஸ் பாதி வழியில் நிற்கும் என்றும் சொல்லியிருந்தேன். மூன்றும் நடந்தன. போன ஆடியிலும், அதற்கு முந்தைய ஆடியிலும் மாரப்பன் இதையேதான் சொன்னான், அப்போது பலிக்கவில்லையே என்று சிலர் பேசுவார்கள். பேசட்டும். மூன்றாம் தடவை பலித்ததா இல்லையா என்பதுதான் கேள்வி.

செய்தி வந்தபோது டீக்கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "சித்தப்பா, அப்பா போயிட்டாருங்க" என்றாள் செல்வி போனில். "தெரியும் சாமி" என்றேன். வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, அடுப்பை அணைக்க வேண்டும் என்பது கைக்குத் தெரியவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. டீ குடிக்க வந்த லாரிக்காரர் ஒருவர்தான் என் கையிலிருந்து போனை வாங்கி வைத்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சின்னதாக ஒரு புத்தகம் அச்சடிக்கிறார்கள். "அப்பாவப் பத்தி எழுத உங்கள உட்டா ஆளில்லீங்க சித்தப்பா" என்று செல்வி கேட்டுக்கொண்டாள். உண்மைதான். இருபத்தெட்டு வருஷம் அவரோடு இருந்தவன் நான். எட்டாம் வகுப்பு முழுசாகப் படித்தவன். ஒன்பதாவதில் ஒரு கணக்கு விஷயமாக வாத்தியாருக்கும் எனக்கும் கருத்து ஒத்துப்போகாததால் நானே நிறுத்திக்கொண்டேன். நீ சொன்ன விடைதான் சரி மாரப்பா என்று அந்த வாத்தியாரே பின்னாளில் கடைக்கு வந்து ஒப்புக்கொண்டு போனார். ஆகவே எழுதத் தகுதி உண்டு. அண்ணனைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் மலைக்குக் கீழே இருக்கிற மருமகன்கள், பேரப்பிள்ளைகள் கையிலும் இது போகும் என்பதால் எல்லோருக்கும் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் எங்கள் ஆலத்தூர் நாட்டுக் கோடாங்கி. உடுக்கை அடித்துக் குறி சொல்வார், பேய் ஓட்டுவார். ராசிபுரம், நாமக்கல், துறையூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் வரும். சென்னையிலிருந்து ஒரு மந்திரியின் சம்சாரம்கூட வந்தார்கள். பேரைச் சொன்னால் வம்பு. வருகிறவர்கள் அத்தனை பேரும் காலை பஸ்ஸில் வந்து என் கடை வாசலில்தான் இறங்குவார்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி, வயிற்றைப் பிரட்டி, முகம் வெளுத்து நிற்கிறவனுக்கு ஒரு இஞ்சி டீயைக் கொடுத்து, "என்னுங்க, ஊட்ல யாருக்கு மேலுக்கு முடியல?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பெண்டாட்டியிடம் சொல்லாததை எல்லாம் என்னிடம் கொட்டுவான். அண்ணனுக்கு வெற்றிலைக் கட்டு கொண்டுபோக வேண்டும், அதையும் என்னிடம்தான் வாங்க வேண்டும். கட்டுகிற வாழைநாரில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு முடிச்சு என்றால் புருஷன் பெண்டாட்டிச் சங்கதி. இரண்டு என்றால் பிள்ளைகள் சொல்பேச்சு கேட்பதில்லை. மூன்று என்றால் காடு, மாடு, பங்காளிச் சண்டை. முடிச்சைத் தடவிப் பார்த்ததும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, வந்தவன் வாயைத் திறக்கும் முன்பே சொல்வார். இதை இப்போது எழுதுவதால் அவர் பேர் கெடாது. அவரே பின்னால் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

வந்த கூட்டத்தில் நோயாளி குறைவு. ஊரோடு ஒத்துப்போகாதவர்கள்தான் அதிகம். கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்க மாட்டேன் என்ற பெண், திருடிய தம்பி, சாமி கும்பிடாத பிள்ளை, காரணமில்லாமல் சிரிக்கிற மருமகள். "ஊருக்கு ஒத்து வராதவங்களுக்கு ஊரே ஒரு பேயைத் தேடி வெச்சுருது மாரப்பா. நான் அதுக்குப் பேரு மட்டுந்தான் வெக்கறேன்" என்பார் அண்ணன்.

ராசிபுரத்துப் பக்கமிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிறாளாம். அவள் அம்மா டீ குடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பெண்ணுக்கு நர்ஸ் படிக்க ஆசை, மாமன்மார் விடவில்லை. நான் இரண்டு முடிச்சுப் போட்டதோடு நில்லாமல், குறுக்கு வழியில் ஓடிப்போய் அண்ணன் காதிலும் போட்டேன். அண்ணன் உடுக்கையை எடுத்தார். அந்தச் சத்தத்துக்கு யாருக்குத்தான் தலை ஆடாது. அவளும் ஆடினாள். "கெணத்துல உழுந்த கன்னி இது. போறதுக்கு என்ன வேணும்னு கேளுங்க. வெள்ளை உடுப்பு வேணுங்குது. மூணு வருசம் வெள்ளை உடுப்புப் போட்டாத்தான் எறங்குவேங்குது" என்றார். மாமன்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பெண் ஆடுவதை நிறுத்திவிட்டு அண்ணனையே பார்த்தாள். இப்போது அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கெல்லாம் மேலே இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன் மலைக்கு வந்து அண்ணனுக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, "உப்பைக் கொறைங்க, இல்லாட்டி அந்தக் கன்னி உங்க மேல ஏறிக்குவா" என்று சொல்லிப் போனாள்.

இப்படித்தான் அண்ணன் பேயை நல்ல வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன்காரனுடைய மிளகைத் திருடி விற்ற ஒரு தம்பியை, திருடியது அவனில்லை, அவன் மேல் இருந்த முனி என்று சொல்லி, இருவரையும் ஒரே இலையில் சாப்பிட வைத்தார். ஆனால் ஒரு எல்லை வைத்திருந்தார். அதை வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். "பேயோட பேரு சொல்லுவேன், ஊரு சொல்லுவேன், என்ன வேணும்னு கேட்டுச் சொல்லுவேன். ஏவி உட்டது யாருன்னு மட்டும் கேக்காதீங்க. பேய் தானா வந்துச்சுன்னா தானாப் போயிரும். யாரோ அனுப்புனாங்கன்னு சொல்லிட்டா, அப்பறம் போக வேண்டியது ஒரு மனுசி." மற்ற கோடாங்கிகள் ஏவியவர் பேர் சொல்லித்தான் பேர் வாங்கினார்கள். அண்ணன் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

வெள்ளையம்மாக்கா எங்கள் ஊருக்கு வடக்கே தனி வீட்டில் இருந்தார். புருஷன் கேரளத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அவன் விட்டுப்போன இரண்டு ஏக்கரில் சாமையும் மிளகுமாக ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டார். எங்கள் ஊரில் பெண் விதைப்பாள், களை எடுப்பாள், அறுப்பாள், அறுத்ததைத் தலையில் சுமந்து இரண்டு மலை ஏறி இறங்குவாள். ஏர் மேழியை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் மழை நின்றுவிடும் என்பார்கள். அக்காவுக்கு உழுது கொடுக்க ஆள் கேட்டால் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார்கள். ஈரம் காய்ந்துகொண்டே போனது. ஒரு நாள் அவரே மாட்டைப் பூட்டி உழுதுவிட்டார். ரோட்டில் நின்று பார்த்தவர்களிடம், "மேழி ஒண்ணும் என்னையக் கடிக்கலீங்க. நீங்களும் வந்து தொட்டுப் பாருங்க" என்றாராம். அந்த வாய் ஊருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. அடுத்து ஒரே வாரத்தில் ஐந்து மாடுகள் வாயில் நுரை தள்ளிச் செத்தன.

இது நடந்து பதினாலு வருஷம் ஆகிறது. ஊர் ஜனம் முதலில் என் கடைக்குத்தான் வந்தது. ஊர்க்கவுண்டர் பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "மாரப்பா, நீ வெள்ளெனக் கடை தொறக்கறவன். மாட்டுப்பட்டி உன் கடைக்கு நேரா இருக்குது. ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டார். விடிகிற நேரத்தில் வெள்ளையம்மாக்கா பட்டி வாசலில் குனிந்து, குச்சியால் மண்ணைத் தோண்டி, தலைமுடி சுற்றிய ஒரு எலுமிச்சம்பழத்தைப் புதைத்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன். செப்புத் தகடும் இருந்தது என்பது ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. போய்த் தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. "பாத்தியா, நாம வருவோம்னு தெரிஞ்சு எடுத்து மாத்திட்டா" என்றார் ஒருவர். எலுமிச்சம்பழம் கிடைத்திருந்தால் அக்கா மேல் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும். கிடைக்காததால், அக்காதான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

கூட்டம் அண்ணனிடம் போனது. நான் வெற்றிலைக் கட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். அண்ணன் உடுக்கையைத் தொடவில்லை. "மாடு எதையாச்சும் தின்னுருக்கும். மாட்டு டாக்டரக் கூட்டியாங்க" என்றார். "பாத்த ஆளு இருக்குதுங்க கோடாங்கி. நீங்க சாமிகிட்டக் கேட்டு உறுதி பண்ணுங்க, போதும்" என்றார் ஊர்க்கவுண்டர். அண்ணன் என்னைத் தனியாக மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார். "நெசமாப் பாத்தியா மாரப்பா?" என்றார். "பாத்தேனுங்ணா" என்றேன். திரும்பிப் போய் உடுக்கையை எடுத்தார். வழக்கமாக அரை மணி நேரம் அடிப்பார். அன்று ஐந்து நிமிஷம்தான். "வடக்கால ஒத்தை ஊடு" என்றார். மூன்றே வார்த்தை.

கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நான் வடக்கே போகவில்லை. போய்வந்தவர்கள் சொன்னதுதான் தெரியும். கதிர் அறுக்கிற அரிவாளால் அக்காவின் தலைமுடியை அறுத்தார்கள். மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளை அடியோடு வெட்டினார்கள். மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். ஒரு துணி மூட்டையோடு ரோட்டில் விட்டு, பஸ்ஸில் ஏறக் கூடாது என்றார்கள். என் கடையைத் தாண்டித்தான் நடந்து போனார். முந்தானையால் தலையைச் சுற்றியிருந்தார். கொண்டை ஊசி வளைவு எழுபது என்று போர்டு வைத்திருக்கிறார்கள், நான் எண்ணியதில் எழுபத்திமூன்று வருகிறது. அத்தனையையும் அவர் நடந்தே இறங்கினார்.

அவர் போன பிறகும் இரண்டு மாடுகள் செத்தன. அப்போதுதான் மாட்டு டாக்டர் வந்தார். வயிற்றை அறுத்து உள்ளே இருந்ததை எடுத்துக் காட்டினார். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி இலை. அந்த வருஷம்தான் ஜவ்வரிசி மில்லுக்கென்று புது ரகம் போட்டிருந்தோம். நாங்கள் தின்று பழகிய கிழங்கின் இலையை மாடு கொஞ்சம் கடித்தால் ஒன்றும் செய்யாது, இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, கழித்த குச்சிகளை வழியெல்லாம் போட்டு வைத்திருந்தோம். புது ரகத்தின் வாடின இலை விஷம் என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். போய் அக்காவைக் கூட்டி வருவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் உடுக்கையின் கயிறுகளைத் தளர்த்தி, தோலை உரித்து எடுத்தார். கேட்டதற்கு, "இனி இது பேசுனா நான் கேக்க மாட்டேன்" என்றார். அதன் பிறகும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். "டீ குடிச்சுட்டுக் கீழ எறங்கி டாக்டரப் பாருங்க" என்று திருப்பி அனுப்புவார். முடிச்சு விஷயத்தையும் சொல்லிவிடுவார். என் வெற்றிலை வியாபாரம் அதோடு படுத்தது.

அண்ணனுக்கு எழுத்து தெரியாது. உடுக்கையை இறக்கியதற்கு மறு வருஷம், நூலகத்திலிருந்து அட்டை கிழிந்த ஒரு சரித்திரப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார். வெளிநாட்டில் சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களைக் கொன்ற கதை அதில் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மழைக்காலத்து மத்தியானங்களில் நான் படிப்பேன், அவர் கேட்பார். கடினமான இடங்களை என் அறிவைக் கொண்டு விளக்கியும் சொன்னேன். பால் திரிந்தாலும், ஆலங்கட்டி மழை விழுந்தாலும், மாடு செத்தாலும் அங்கேயும் தனியாக இருக்கிற ஒருத்தியைத்தான் பிடித்திருக்கிறார்கள். கை காலைக் கட்டித் தண்ணீரில் போடுவார்களாம். மிதந்தால் சூனியக்காரி. மூழ்கினால் குற்றமில்லாதவள்.

"முழுகுனவளை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"நல்லவளுன்னு சொல்லிப் பொதைப்பாங்களாட்ட இருக்குதுங்ணா."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "யாரு மொதல்ல சொல்றது? இவதான் பண்ணுனான்னு?"

"சாட்சி சொல்லுவாங்களாமுங்க. பறந்து போனதப் பாத்தேன், பூனையா மாறுனதப் பாத்தேன்னு."

"அந்தச் சாட்சிக்காரங்க அப்பறம் என்ன ஆனாங்கன்னு போட்டிருக்குதா?"

இரண்டு மூன்று பக்கம் புரட்டிப் பார்த்தேன். "இந்தப் புஸ்தகத்துல அது இல்லீங்ணா."

"செத்தவ பேரு இருக்குது. தீர்ப்புச் சொன்னவன் பேரு இருக்குது" என்று விரலை மடக்கினார். "அங்கயும் உன்னாட்ட ஒருத்தன் ரோட்டோரமா கடை போட்டு உக்காந்திருந்திருப்பான் மாரப்பா." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் எழுந்து போய் டீ கிளாஸ்களைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய கிளாஸ்கள்தான்.

வெள்ளையம்மாக்கா அடிவாரத்து ஊரில் கனி பாயின் மிளகு மண்டியில் வேலை செய்கிறார் என்று தெரிந்துகொள்ள அண்ணனுக்கு வெகுநாள் ஆனது. தெரிந்ததும் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். அக்கா முறத்தில் மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தார். முடி நரைத்து வளர்ந்திருந்தது. அண்ணனைப் பார்த்தும் முறத்தை நிறுத்தவில்லை.

"வாங்க கோடாங்கி. எனக்குள்ளாற இன்னும் ஏதாச்சும் மிச்சமிருக்குதான்னு பாக்க வந்தீங்களா?"

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அம்மணி, நான் சொன்னது தப்பு" என்றார்.

கனி பாய் எங்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். "இவங்கள வேலைக்கு வெச்சப்ப எங்க சொந்தக்காரங்களே வந்து பயமுறுத்துனாங்க. கை பட்டா யாவாரம் படுத்துரும்னாங்க. பத்து வருசமாச்சுங்க, இவங்க பொடைச்ச மிளகுல ஒரு தரம்கூடப் பூஞ்சை புடிச்சதில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். "தப்புன்னு சொல்லிட்டீங்க, சரி. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் என்னத்தப் பொதைச்சேன்? யாரைக் கேட்டாலும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. பழங்கறாங்க, தகடுங்கறாங்க. தனியாப் படுத்துட்டு யோசிச்சுப் பாக்கறேன். சில நாளு எனக்கே சந்தேகமா இருக்குதுங்க, ஏதாச்சும் பொதைச்சுட்டு மறந்துட்டனோன்னு."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். "எலுமிச்சம்பழமுங்க அக்கா. முடி சுத்துனது" என்றேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார், ஏதோ முகவரி கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி. பிறகு முறத்தை எடுத்துக்கொண்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக எனக்கு மலை ஏறும்போது வாந்தி வராது. அன்று வந்தது.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு ஒரே வேலைதான். அக்காவை அவர் நிலத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நிலம் அங்கேதான் தரிசாகக் கிடக்கிறது. யாரும் தொடவில்லை, பயம். மூன்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார். கடைசியாகக் கேட்டது போன தை மாதம். எழுந்து நிற்கச் செல்வியின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "நான் சொன்ன குறி பொய். சாமி ஒண்ணும் சொல்லல, நாந்தான் சொன்னேன். அபராதம் என்ன போட்டாலும் கட்டறேன். அவளக் கூப்புடுங்க" என்றார். ஊர்க்கவுண்டர் இப்போது இருப்பவர் பழையவரின் மகன், நியாயஸ்தர். "டாக்டர் சொன்னத ஒத்துக்கறோமுங்க. உங்க குறியும் தப்புன்னு ஒத்துக்கறோம். ஆனா கண்ணால பாத்தவரு ஒருத்தரு இங்கயே உக்காந்திருக்கறாரே. மாரப்பண்ணன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்தக்கா நாளைக்கே வரட்டும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பாத்ததுதானுங்க சொன்னேன்" என்றேன். கூட்டம் கலைந்தது. அண்ணன் என்னோடு சண்டை போடவில்லை. மறுநாளும் கடைக்கு வந்து, வழக்கம்போல் சர்க்கரை இல்லாத டீ வாங்கிக் குடித்தார்.

கடைசியாக அவரைப் பார்த்தது, அவர் போவதற்கு நாலு நாள் முன்பு. பலாச்சுளை கொண்டுபோயிருந்தேன். தின்னவில்லை. செல்வி வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "கண்ணு" என்று கூப்பிட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நான் போறதுக்குள்ள சொல்லிரு. இல்லைன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டேன். அந்தப் புள்ளை திரும்பி வந்துருவா, அவ்வளவுதான். நெசமாப் பாத்தியா?"

"பாத்தேனுங்ணா" என்றேன்.

அண்ணன் மெதுவாக, வலிக்கிறது போல, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பலாச்சுளைத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் செல்வி சொன்னாள். கைத்தடியைக் காட்டினாள், போர்வையைக் காட்டினாள். வேண்டாம் என்றேன். என்னிடம் அந்தத் திரும்பிய முதுகு இருக்கிறது. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது தெரிகிறது. அதை யாரிடமும் கொடுத்துவிட முடியாது.

எனக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம் உண்டு என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இதிலும் அங்கங்கே இருக்கும், தள்ளிவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நான்தான் தள்ள வேண்டும், நீங்கள் தள்ளினால் செல்லாது. மாடுகள் செத்த அந்த வாரம் எனக்குப் பல்வலி. முகம் வீங்கி, விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கடை திறந்தேன். வெள்ளையம்மாக்கா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஊர்க்கவுண்டர் கேட்டார். பதினைந்து பேர் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, குடிக்காமல், என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடை முன்னால் கூடையில் எலுமிச்சம்பழம் இருந்தது, அதைச் சொன்னேன். முடி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

செல்வி இதைக் காரியத்தன்று ஊர் முன்னால் சத்தமாகப் படிக்க வேண்டும். அச்சடித்த பிரதி ஒன்று கனி பாய் மண்டிக்கும் போக வேண்டும். நான் யாரையும் பார்க்கவில்லை. வெள்ளையம்மாக்கா, நீங்கள் எதையும் புதைக்கவில்லை.